வானினின்று இழிந்த மருத்துவர்

கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையிற் பிறந்த யான், பிணியுற்றோரை மருத்துவரிடம் கொண்டு செல்வதன் அருமையை இளமையிலேயே அறிவேன். புண்பட்டோரை நாடி மருத்துவர் ஒருவர் வானினின்று குதித்த வரலாறு என் நெஞ்சைக் கவர்ந்தமைக்கு அதுவே காரணம் போலும். அவர் நம் தமிழரான லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் ஆவார்.

1941ஆம் ஆண்டில் இந்தியச் சேனையில் வான்குடைப் படை அமைக்கப்பட்டபோது, 152ஆம் பட்டாளத்தின் மருத்துவராயிருந்த ரங்கராஜும் அவில்தார் மேஜர் மதுரா சிங்கும் வான்குடை கொண்டு குதித்த முதல் இந்தியராயினர். போர்வீரர் பலரிருக்க, மருந்துப் பை தூக்குபவர் முந்திக்கொண்டது வியப்பன்றோ!

நிற்க. 1950இல் கொரியாவிற் போர் மூண்டது. இந்தியா அங்குப் போர்புரியும் சேனையை அனுப்பாது, 60ஆம் வான்குடை மருத்துவப் பிரிவை மட்டும் அனுப்பிற்று. ஏறக்குறைய 350 பேர் கொண்ட அப்பிரிவு ரங்கராஜின் தலைமையில் நவம்பர் மாதம் பூசான் துறைமுகத்தை அடைந்து, பின் வடக்கே பியோங்யாங் நகருக்குச் சென்றது. சின்னாளிற் சீனப் படை பெருவெள்ளமெனத் திரண்டு வந்தது. ஐக்கிய நாடுகளின் படைகள் பின்வாங்கின. மருத்துவப் பிரிவுக்கோ ஊர்தியில்லை. தங்கியிருப்பின் சிறைப்படுதல் திண்ணம்; கருவிகளையும் மருந்துகளையும் விட்டு ஓடின் உயிர் தப்பலாம். ஆயின் கருவியிழந்த மருத்துவர் களத்தில் யாருக்கு உதவுவார்? ரங்கராஜ் அவற்றைக் கைவிட இசைந்திலர். நிலையத்திற் கிடந்த பழைய நீராவி எஞ்சினொன்று கண்ணிற்பட்டது. அதனை ஓட்டத் தெரிந்தவர் அவர் பிரிவிலேயே இருந்தனர். வாளி வாளியாக நீர் முகந்து ஊற்றி, விறகிட்டு எரித்து, பெட்டிகளிற் பொருள்களையெல்லாம் ஏற்றித் தெற்கே புறப்பட்டனர். அவர்கள் ஆற்றைக் கடந்த சிறிது நேரத்தில் பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

அவ்வாறு காத்த கருவிகள் வீண்போகவில்லை. 1951 மார்ச் 23ஆம் நாள் மூன்சான்னிக்கருகே அமெரிக்க வான்குடைப் படையினர் ஆயிரக்கணக்கிற் பகைவர் நிலத்தில் இறங்கினர். அவர்களோடு ரங்கராஜும் அவர்தம் குழுவினருமாகப் பன்னிருவர் குதித்து, குண்டுமாரிக்கிடையே இரணசிகிச்சை செய்தனர். இந்திய அரசு அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கிற்று. 1953இல் போர் ஓய்ந்தபின், தாயகம் மீள விரும்பாத கைதிகள் இருபதினாயிரவர்க்கு மேற்பட்டோர் இந்தியப் படையின் காவலில் வைக்கப்பட்டனர். அவர்களுக்கு மருத்துவஞ் செய்ததும் இப்பிரிவே. தான் சிறைப்படாது தப்பிய பிரிவு சிறைப்பட்டோரைப் பேணியது!

சேனையை விட்ட பின்னரும் அவர் ஓய்ந்திலர். உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் சார்பில் ஆப்கானிஸ்தானத்து மலைகளிற் பெரியம்மையை ஒழிக்கும் பணியை நடத்தினார். அங்கே பெரியம்மைக் கொப்புளத்தின் பொருக்கைக் கொண்டு குத்தும் நாட்டு வைத்தியர், நோயைத் தடுப்பதாக எண்ணி அதனையே பரப்பி வந்தனர். போர்க்களத்தினும் இப்பணி கடினமாயிருந்திருக்குமென்பது என் கருத்து. பெரியம்மை உலகினின்று ஒழிந்ததென 1980இல் அறிவிக்கப்பட்டதை அவர் கண்ணாரக் கண்டு, 2009இற் காலமானார்.