சி. வை. தாமோதரம் பிள்ளையவர்களின் ஓய்வுக்காலம்

நெடுங்காலம் உத்தியோகஞ் செய்து, உபகாரச் சம்பளம் பெற்று வீட்டிலிருப்பாருட் பலர், பொழுது கழியவில்லையென்று வருந்துதலைக் காண்கின்றோம். முன்பு பொழுது போதவில்லையென்று வருந்தினவரும் அவரே. கிடைத்தற்கரிய மானுடப் பிறவியிலே கிடைத்த ஓய்வு ஒருவர்க்குச் சுமையாதல் இரங்கத்தக்கது. அவ்வோய்வைத் தமிழுலகம் என்றும் மறவாத தொண்டாக்கிய பெரியார் ஒருவருடைய வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே 1832ஆம் ஆண்டு செப்டெம்பர் 12ஆம் நாள் வைரவநாத பிள்ளைக்கு மகனாராகத் தோன்றியவர் தாமோதரம் பிள்ளையவர்கள். சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம் தமிழும், வட்டுக்கோட்டைச் சாத்திரசாலையில் ஆங்கிலமும் பிறகலைகளும் கற்றனர். பெர்சிவல் பாதிரியார் அழைக்கச் சென்னை சேர்ந்து தினவர்த்தமானி பத்திரிகையை நடத்தினர். சென்னைச் சருவகலாசாலையின் முதற் பீ. ஏ. பரீட்சையில் தேறிய இருவருள் இவர் ஒருவர். மற்றவர் இவர்க்கு முன்பு ஆசிரியராயிருந்த விசுவநாத பிள்ளை. பின்னர் அரசாங்க வரவு செலவுக் கணக்குச் சாலையில் அமர்ந்து, விசாரணைக் கர்த்தராக உயர்ந்தனர். 1871ஆம் ஆண்டிலே பீ. எல். பட்டமும் பெற்றனர். கிறித்துவச் சூழலிற் பயின்றும் சைவத்தையே தம் நெறியாகத் தெளிந்தவர் இவர்.

1882ஆம் ஆண்டிலே, ஐம்பதாம் பிராயத்தில், உத்தியோகத்தினின்று நீங்கினர். இனிச் சுகமாக இருந்து உண்ணுதற்கு வேண்டுவன யாவும் இவர்க்கு இருந்தன. ஆயினும் இவர் மனம் அதிலே செல்லவில்லை. பழந்தமிழ் நூல்கள் ஏட்டுச் சுவடிகளிற் கிடந்து, செல்லுக்கும் பூச்சிக்கும் இரையாகி வந்த காலம் அது. தொட்டவிடம் பொடியாகும் ஏடுகளும், கட்டவிழ்த்த அளவில் முறியும் ஏடுகளும் பல. இன்னும் சில ஆண்டுகள் வாளாவிருப்பின் அந்நூல்கள் பெயர்மாத்திரையாய் ஒழியும் என்பதை இவர் கண்டனர்.

இத்தொண்டு ஓய்வின் பின்னர்த் திடீரெனப் பிறந்ததன்று என்பது நாம் கருதற்பாலது. நாவலரவர்கள் பரிசோதித்த தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையத்தை 1868ஆம் ஆண்டிலும், வீரசோழியத்தை 1881ஆம் ஆண்டிலும் முன்னரே பதிப்பித்திருந்தனர். வேலைக்கிடையே இட்ட வித்து ஓய்விலே விளைந்தது. இறையனாரகப்பொருளுரையும் தணிகைப்புராணமும் 1883இலும், தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885இலும், கலித்தொகை 1887இலும், இலக்கணவிளக்கமும் சூளாமணியும் 1889இலும் வெளிவந்தன. எட்டுத்தொகையுள் முதன்முதல் அச்சேறியது அக்கலித்தொகையே. தொல்காப்பிய எழுத்ததிகார நச்சினார்க்கினியமும் சொல்லதிகார நச்சினார்க்கினியமும் பின்பு தொடர்ந்தன.

கணக்குச் சாலையிலே தொகைக்குத் தொகை ஒப்பிட்டுப் பிழை தேர்ந்த கண், பிரதிக்குப் பிரதி ஒப்பிட்டுப் பாடந் தேர்ந்தது. பழகிய தொழிற்றிறத்தை எறிந்துவிடாது, உயர்ந்ததொரு பொருளின்கண் திருப்பினர் என்க. கும்பகோணத்திலே நியாயவாதியாக இருந்தும், 1887 முதல் 1890 வரை புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாக இருந்தும், இப்பணியை விட்டாரல்லர். ஆதலின் ஓய்வாவது தொழிலின்றியிருத்தல் அன்று. எத்தொழிலினிடையும் மனம் உவந்த தொண்டிற்கு இடம் வைத்தலேயாம்.

இப்பணியிலே இடர்களும் இல்லாமற் போகவில்லை. ஏடு தேடுதற்கும் அச்சிடுதற்கும் கைப்பொருள் செலவாயிற்று. முதனூலை அச்சேற்றுவார்க்கு வரும் வழுக்களும் நேர்ந்தன. பொருளதிகாரம் முழுமைக்கும் நச்சினார்க்கினியர் உரையென்றே இவர் பதிப்பித்தனர். பின்னான்கியல்களில் அச்சிட்டது பேராசிரியர் உரையென்பது பிற்காலத்து இரா. இராகவையங்கார் முதலிய அறிஞரால் தெளிவாயிற்று. அதனால் இவர் பெருமை குறைதல் இல்லை. நூல் அச்சிலே கைக்கு வந்தமையாலன்றோ அவ்வாராய்ச்சி நிகழ்ந்தது? முற்றும் செம்மையாகுமளவும் காத்திருப்பேமென்று இவர் இருந்திருப்பின், திருத்துதற்கு ஏடே எஞ்சாது போயிருத்தலுங் கூடும்.

கும்பகோணத்திலே உ. வே. சாமிநாதையரவர்களை இவர் கண்டு, சீவகசிந்தாமணியைத் தாம் பதிப்பிக்க விரும்பிக் கேட்டதுண்டு. ஐயரவர்கள் தாமே பதிப்பிக்கத் துணிந்தனர். சிந்தாமணியும் கலித்தொகையும் 1887ஆகிய ஓராண்டிலேயே வெளிவந்தமை தமிழின் நற்காலம். ஒருவர் ஓய்வுபெற்ற முதியவர். மற்றவர் கல்லூரியிற் பணிபுரிந்த இளையவர். தொண்டிற்கு வயதெல்லை இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1895ஆம் ஆண்டில் இராவ்பகதூர்ப் பட்டம் பெற்ற இவர், 1901ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் சென்னையிலே சிவபதம் அடைந்தனர். ஓய்வின் பின் இவர் வாழ்ந்தன பதினெட்டு ஆண்டுகளே. அவ்வளவு காலம் நம்மிற் பலர்க்கும் கிடைக்கின்றது. இவர் போன்ற பேரறிவு எல்லார்க்கும் அமையாதாயினும், வீட்டுப் பரணிலுள்ள சுவடியைப் பேணுதலும், அயலிலுள்ள சிறார்க்கு எழுத்தறிவித்தலும், திருக்கோயிற் கல்வெட்டைப் பெயர்த்தெழுதி வைத்தலும் யார்க்கும் இயல்வனவே. அழியும் பொருளொன்றை அழியாது காத்துப் பின்வருவார்க்கு அளிப்பவர்க்குப் பொழுது சுமையாவதில்லை. ஓய்வு வரும்வரை காத்திராது, அத்தகைய பணியொன்றை இன்றே தேர்ந்து சிறிதேனும் தொடங்குதல் அறிவுடையார் கடனாகும்.