தேர்வு முறையைத் திருத்தச் சொன்ன பேராசிரியர்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் நம் ஆர்.கே.பேட்டையில் தறிச் சத்தத்தையும் மீறி இன்னொரு சத்தம் கேட்கும். திண்ணைகளிலும் மொட்டை மாடிகளிலும் மாணவியர் வாய்விட்டுப் பாடம் ஒப்புவிக்கும் சத்தம் அது. பொதுத்தேர்வு வந்துவிட்டால் வீட்டில் தொலைக்காட்சி அணைந்துவிடும். உறவினர் வருகையும் குறைந்துவிடும். தாய்மாரின் உறக்கமும் போய்விடும். இந்தத் தேர்வு முறையைப் பற்றி நாடறியப் பேசிய பெருந்தகை ஒருவர் நம் பக்கத்து ஊரான திருத்தணியில் பிறந்தவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? செப்டம்பர் 5 அன்று டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணனின் படத்துக்கு மாலையிடுகிறோம், பேச்சுப் போட்டி வைக்கிறோம். தேர்வைப் பற்றி அவர் சொன்னதை மட்டும் விட்டுவிடுகிறோம்.

1888ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் வீராசாமிக்கும் சீதம்மாவுக்கும் மகனாகப் பிறந்தார். வீட்டில் பேசியது தெலுங்கு, தெருவில் கேட்டது தமிழ். இன்றும் நம் ஊர்ப் பக்கத்தில் அப்படித்தானே! அக்காலத்தில் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த திருத்தணி பின்னர் சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து, 1960 ஏப்ரல் 1 அன்றுதான் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. தந்தைக்கு வருவாய்த் துறை சார்ந்த சிறு உத்தியோகம். வருமானம் குறைவு, குடும்பமோ பெரிது.

பிள்ளையின் படிப்பு உதவித்தொகையை நம்பியே நடந்தது. திருத்தணியில் தொடக்கக் கல்வி முடிந்தபின் திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளி, 1900 முதல் வேலூர் ஊரீஸ் கல்லூரி, 1904 முதல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி என்று அவர் பயணம் சென்றது. ஒவ்வொரு படியிலும் ஒரு தேர்வு காத்திருந்தது. தேர்வில் தவறினால் உதவித்தொகை நிற்கும். உதவித்தொகை நின்றால் படிப்பும் நிற்கும். இதனிடையே 1903இல், பதினாறு வயது நிறைவதற்கு முன்பே, சிவகாமு அம்மையாருடன் திருமணமும் நடந்துவிட்டது.

இங்கே தேர்வுக்கு உரிய பெருமையை நாம் கொடுக்கத்தான் வேண்டும். சிபாரிசுக் கடிதம் இல்லாத வீட்டுப் பிள்ளை அவர். எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் என்ற ஏற்பாடு இல்லாதிருந்தால் அவரைச் சென்னையில் யார் கேட்டிருப்பார்கள்? அவர் தத்துவம் படித்ததுகூட ஏழ்மையின் விளைவுதான். உறவினர் ஒருவர் படித்து முடித்த தத்துவப் பாடநூல்கள் காசில்லாமல் கிடைத்தன. அதுவே அவருடைய பாடமாயிற்று.

ஆனால் அதே ஆண்டுகளில், அதே சென்னையில், வேறொரு இளைஞருக்குத் தேர்வு கதவைச் சாத்தியது. இராதாகிருஷ்ணனைவிட ஒரு வயதுக்கும் குறைவாகவே மூத்த கணிதமேதை இராமானுஜன்தான் அவர். கும்பகோணம் கல்லூரியில் மற்றப் பாடங்களில் தேறாததால் உதவித்தொகையை இழந்தார். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், 1906, 1907 ஆகிய இரு ஆண்டுகளிலும் எஃப்.ஏ. தேர்வில் தோற்றார். பட்டமில்லாத அந்த இளைஞர் துறைமுகத்தில் எழுத்தராய் அமர்ந்து கணக்குப் போட்டதும், 1918இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானதும் நாம் அறிந்தவையே. ஒரே பல்கலைக்கழகத்தின் தேர்வு முறை ஒருவரைத் தூக்கிவிட்டது, மற்றவரைத் தள்ளிவிட்டது.

இராதாகிருஷ்ணனின் எம்.ஏ. தேர்வில் நமக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. அத்தேர்வின் ஒரு பகுதியாக ஆய்வுக் கட்டுரை ஒன்றை எழுதித் தரலாம். வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்று அக்காலத்தில் சிலர் கூறிவந்தனர். அதற்கு விடையாக அவர் எழுதிய கட்டுரை 1908இல் நூலாகவே வெளிவந்தது. கிறிஸ்தவப் பேராசிரியரான ஏ.ஜி. ஹாக் அந்தக் கட்டுரையைக் குறைத்து மதிப்பிடவில்லை. மனமாரப் பாராட்டிச் சான்று தந்தார். மனப்பாடத்தைக் கேட்காமல் மாணவரின் சொந்தச் சிந்தனையைக் கேட்ட அந்தப் பகுதியே அவரை வெளியுலகுக்குக் காட்டியது.

பிறகு நடந்தவற்றைச் சுருங்கச் சொல்லிவிடலாம். 1909இல் சென்னை மாநிலக் கல்லூரி, 1918இல் மைசூர், 1921இல் கல்கத்தா. மைசூரை விட்டுப் புறப்பட்ட நாளில் மாணவர்கள் வண்டியில் குதிரையைப் பூட்டவிடாமல் தாங்களே இரயில் நிலையம் வரை இழுத்துச் சென்றனர். 1931 முதல் 1936 வரை ஆந்திரப் பல்கலைக்கழகத்துக்கும், 1939 முதல் 1948 வரை காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் துணைவேந்தராய் இருந்தார். ஆக்ஸ்போர்டிலும் பேராசிரியர். வினாத்தாளை எழுதிய கை, திருத்திய கை, பட்டத்தில் கையெழுத்திட்ட கை எல்லாம் ஒன்றாகவே இருந்தமையால், தேர்வின் உள்ளும் புறமும் அவருக்குத் தெரிந்திருந்தன.

1948 நவம்பரில் இந்திய அரசு பல்கலைக்கழகக் கல்விக் குழுவை அமைத்து அவரைத் தலைவராக்கியது. ஜாகிர் உசேன், மேகநாத சாகா, நம் சென்னையின் ஏ. இலட்சுமணசாமி முதலியார் உள்ளிட்ட பத்துப் பேர் கொண்ட குழு அது. 1949 ஆகஸ்டில் அறிக்கை தந்தார்கள். பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம்தான் செய்யலாம் என்றால் அது தேர்வுச் சீர்திருத்தமாகவே இருக்க வேண்டும் என்பது அவர்களின் தீர்ப்பு. பாடம் நடத்துவதற்காகத் தேர்வு என்பது போய், தேர்வுக்காகவே பாடம் என்றாகிவிட்டதை அவர்கள் கண்டித்தனர்.

கண்டித்ததோடு நிற்கவில்லை. ஒரே விடைத்தாளுக்கு ஒருவர் 40 போடுவார், மற்றொருவர் 60 போடுவார். ஆகவே கட்டுரை வினாக்களோடு, யார் திருத்தினாலும் ஒரே மதிப்பெண் வரும் குறுவினாத் தேர்வுகளையும் ஆராய்ந்து புகுத்த வேண்டும் என்றனர். மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கை ஆண்டு முழுவதும் வகுப்பில் செய்த வேலைக்கு ஒதுக்கச் சொன்னார்கள். ஐந்தாண்டாவது பாடம் நடத்தாதவர் விடைத்தாள் திருத்தலாகாது என்றனர். அரசு நிர்வாகப் பணிக்குப் பட்டம் கட்டாயமாக இருக்க வேண்டியதில்லை என்றதுதான் எல்லாவற்றிலும் துணிச்சலானது என்று நமக்குத் தோன்றுகிறது. பட்டமே சோறு போடும் என்றிருக்கும்வரை தேர்வு அச்சம் எப்படி நீங்கும்? அதற்காக அவர்கள் தாராளக்காரர்களும் அல்லர். கருணை மதிப்பெண் கூடாது என்றனர். முதல் வகுப்புக்கு 70 விழுக்காடு வேண்டும் என்றனர். 'எல்லோரையும் தேறவிட்டால் என்ன?' என்று கேட்கும் மாணவியர் இதைக் கவனிக்கவும்!

பள்ளிகளின் நிலையை இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு எடுத்துக்கொண்டது. வெளித்தேர்வுகளைக் குறைக்கவும், ஆண்டு முழுவதும் பள்ளி வைத்திருக்கும் பதிவேட்டுக்கு மதிப்பளிக்கவும் அதுவும் சொன்னது.

இராதாகிருஷ்ணன் சோவியத் நாட்டுக்குத் தூதராய்ச் சென்றார். 1952 முதல் குடியரசுத் துணைத்தலைவர், 1962 முதல் 1967 வரை குடியரசுத் தலைவர். 1975 ஏப்ரல் 17 அன்று சென்னையில் காலமானார்.

குறுவினாத் தேர்வு அவருக்குப் பின் வெகுவாக வளர்ந்தது. ஆனால் கட்டுரைக்குத் துணையாக அன்று, கட்டுரையை வெளியேற்றிவிட்டு வளர்ந்தது. 2017 முதல் நம் மாநிலத்துப் பிள்ளைகள் மருத்துவம் படிக்க எழுதும் நீட் தேர்வில் 720 மதிப்பெண்ணும் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களுக்கே. பயிற்சி நிலையக் கட்டணத்துக்காக நகையை அடகு வைக்கும் தறிக்காரக் குடும்பத்துக்கு, எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் என்பது முன்போல ஆறுதல் தருமா என்பது ஐயமே. வகுப்பு வேலைக்கான மதிப்பெண்ணும் வந்தது. கொள்ளைநோயால் தேர்வு நின்ற 2021இல் பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கு முந்தைய தேர்வுகளையும் செய்முறை, அக மதிப்பீடுகளையும் கொண்டே மதிப்பெண் தரப்பட்டது. மறு ஆண்டே பழைய முறை திரும்பிவிட்டது. மூன்றில் ஒரு பங்கு என்று 1949இல் அவர் கல்லூரிகளுக்குச் சொன்னார். இன்று நம் பன்னிரண்டாம் வகுப்பு மாணவிக்கு அக மதிப்பீடாகக் கிடைப்பது நூற்றுக்குப் பத்து. அதிலும் ஒரு பகுதி வருகைப் பதிவுக்கு.