பிரெடெரிக் லா ஓம்ஸ்டெட்

பிரெடெரிக் லா ஓம்ஸ்டெட் (ஏப்ரல் 26, 1822 - ஆகஸ்ட் 28, 1903) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு நிலத்தோற்றக் கலைஞரும், எழுத்தாளரும் ஆவார். நியூ யோர்க் நகரில் உள்ள சென்ட்ரல் பூங்காவைக் கல்வேர்ட் வோக்ஸ் என்னும் கட்டிடக்கலைஞருடன் சேர்ந்து வடிவமைத்ததன் மூலம் பெரும் புகழ் பெற்றார். அமெரிக்காவில் நிலத்தோற்றக் கட்டிடக்கலை ஒரு தனித் துறையாக உருவானதில் இவரது பங்கே முதன்மையானது எனலாம். எனினும், இவர் இத்துறையில் முறையான கல்வி எதையும் பெற்றவர் அல்லர். தனது முதற் பூங்காவை இவர் வடிவமைத்தபோது இவருக்கு வயது 35ஐக் கடந்திருந்தது.

இளமைக்காலம்

ஓம்ஸ்டெட் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்போர்ட் நகரில் வசதியான துணி வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். நான்கு வயது நிறைவதற்கு முன்பே தாயை இழந்தார். தந்தை இவரைக் கிராமப்புறங்களில் வாழ்ந்த மதகுருமார் பலரிடம் மாறி மாறி அனுப்பிப் படிக்க வைத்தார். இக்கல்வியால் விளைந்த பயன் அதிகம் இல்லை. ஆனால், குடும்பத்தினர் ஆண்டுதோறும் இயற்கைக் காட்சிகளைத் தேடி மேற்கொண்ட பயணங்களும், இங்கிலாந்தின் நிலத்தோற்ற அழகு பற்றி யூவ்டேல் பிரைஸ், வில்லியம் கில்பின் ஆகியோர் எழுதிய நூல்களை இளம் வயதிலேயே படித்ததும் இவரது மனத்தில் ஆழப் பதிந்தன. 1837 ஆம் ஆண்டில் நச்சுச் செடி ஒன்றினால் இவரது கண்கள் பாதிக்கப்பட்டன. கல்லூரியில் முறையாகச் சேர்ந்து படிக்கும் வாய்ப்பு இதனால் தவறிப்போனது.

இதன் பின்னர் இவர் நியூ யோர்க்கில் எழுத்தராகப் பணியாற்றினார். 1843 இல் கப்பலில் சேர்ந்து சீனா சென்று திரும்பினார். 1848 இல் தந்தையின் உதவியுடன் ஸ்டேட்டன் தீவில் பண்ணை ஒன்றை நடத்தத் தொடங்கினார். எந்தத் தொழிலிலும் நிலைத்து நிற்காதவர் என்று குடும்பத்தினர் கவலைப்பட்டதில் வியப்பில்லை.

பயணங்களும் எழுத்தும்

1850 இல் ஓம்ஸ்டெட் தனது தம்பியுடன் இங்கிலாந்தில் கால்நடையாகப் பயணம் செய்தார். லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள பேர்க்கன்ஹெட் நகரில், ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்து 1847 இல் திறக்கப்பட்ட பூங்காவை அப்போது கண்டார். அக்காலத்தில் அழகிய தோட்டங்கள் பெரும்பாலும் அரசர்களுக்கும் பிரபுக்களுக்கும் உரியவையாக இருந்தன. பொதுப் பணத்தில் அமைத்து, எளிய மக்களும் தம் உரிமையாகப் பயன்படுத்தும் பூங்கா ஒன்றைப் பார்த்தது இவரைப் பெரிதும் கவர்ந்தது. இப்பயணம் பற்றி இவர் எழுதிய நூல் 1852 இல் வெளிவந்தது.

அதே ஆண்டின் இறுதியில், நியூ யோர்க் நாளிதழ் ஒன்று இவரை அடிமைமுறை நிலவிய தென் மாநிலங்களுக்குச் செய்தியாளராக அனுப்பியது. 1854 வரை பல மாதங்கள் அப்பகுதிகளில் பயணம் செய்த இவர், கண்டவற்றை மூன்று நூல்களாக எழுதினார். இவற்றின் சுருக்கம் உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861 ஆம் ஆண்டில் வெளியானது. அடிமைமுறை அறத்துக்கு மாறானது என்று கூறுவதோடு இவர் நிற்கவில்லை. அது உழைப்பின் மதிப்பைக் குறைத்து, வெள்ளையர் உள்ளிட்ட முழுச் சமூகத்தையும் வறுமையிலும் பின்தங்கிய நிலையிலும் வைத்துள்ளது என விரிவான சான்றுகளுடன் காட்டினார். தென் பகுதியில் பொது நூலகங்கள், பூங்காக்கள் போன்ற பொது வசதிகள் இல்லாமையை இவர் கூர்ந்து கவனித்தார். பிற்காலத்தில் இவர் பூங்காவை அழகுப் பொருளாக அன்றி, மக்களாட்சிக்குத் தேவையான நிறுவனமாகவே கருதியதை இப்பயணங்களோடு சேர்த்துப் பார்ப்பது பொருத்தமானது.

சென்ட்ரல் பூங்கா

1857 இல் ஓம்ஸ்டெட் பங்காளியாக இருந்த பதிப்பகம் நொடித்துப்போனது. கடனில் இருந்த இவர், அமைக்கப்படவிருந்த சென்ட்ரல் பூங்காவின் கண்காணிப்பாளர் பணிக்கு விண்ணப்பித்து அதைப் பெற்றார். பூங்காவின் வடிவமைப்புக்காக அறிவிக்கப்பட்ட போட்டியில் தன்னுடன் சேர்ந்து பங்குபற்றுமாறு வோக்ஸ் இவரை அழைத்தார். இங்கிலாந்தில் பிறந்த வோக்ஸ் பயிற்சி பெற்ற கட்டிடக்கலைஞர். ஓம்ஸ்டெட்டோ நாள்தோறும் அந்நிலத்தில் நடந்து அதன் மேடு பள்ளங்களை அறிந்தவர். போட்டிக்கு வந்த 33 திட்டங்களுள் இவர்களுடையது 1858 ஏப்ரலில் முதற் பரிசு பெற்றது. ஓம்ஸ்டெட்டின் பெயருக்குப் பின்னால் வோக்ஸின் பெயர் பெரும்பாலும் மறக்கப்பட்டுவிடுவது நியாயமானது அல்ல.

பூங்காவின் குறுக்கே நான்கு சாலைகளாவது செல்ல வேண்டும் என்பது போட்டியின் நிபந்தனைகளுள் ஒன்று. பிற போட்டியாளர்கள் பலர் இச்சாலைகளை நில மட்டத்திலேயே அமைத்திருந்தனர். ஓம்ஸ்டெட்டும் வோக்ஸும் அவற்றை நிலமட்டத்துக்குக் கீழே பள்ளமாக வெட்டி, மேலே பாலங்களையும் செடிகளையும் அமைத்தனர். நகரின் வண்டிப் போக்குவரத்து பூங்காவில் இருப்பவர்களின் கண்ணுக்குத் தெரியாமல் கடந்து சென்றது. நடப்போர், குதிரையில் செல்வோர், வண்டியில் செல்வோர் ஆகியோருக்குத் தனித்தனிப் பாதைகள் வகுக்கப்பட்டு, அவை ஒன்றையொன்று சந்திக்காதவாறு பாலங்கள் கட்டப்பட்டன. மோட்டார் வாகனங்கள் தோன்றுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே இத்திட்டம் உருவானது.

843 ஏக்கர் பரப்பளவுள்ள இப்பூங்கா, பார்ப்பவருக்கு நகரத்தின் நடுவே தப்பி எஞ்சிய இயற்கை போலத் தோன்றும். உண்மையில் அதன் பெரும்பகுதி மனிதரால் ஆக்கப்பட்டது. சதுப்பு நிலங்களில் வடிகுழாய்கள் பதிக்கப்பட்டன, பாறைகள் வெடிமருந்தால் உடைக்கப்பட்டன, ஏரிகள் தோண்டப்பட்டன, மண் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டது. 1857 இன் பொருளாதார நெருக்கடியால் வேலையிழந்த ஆயிரக்கணக்கானோர் இப்பணியில் அமர்த்தப்பட்டனர். 1858 டிசம்பரில், வேலைகள் முடிவதற்குப் பல ஆண்டுகள் இருக்கும்போதே, உறைந்த ஏரியில் மக்கள் சறுக்கி விளையாடத் தொடங்கிவிட்டனர்.

இந்நிலம் ஆளில்லாத வெற்று நிலமாக இருக்கவில்லை. ஏறத்தாழ 1,600 பேர் இங்கிருந்து வெளியேற்றப்பட்டனர். இவர்களுள், பெரும்பாலும் சொந்த நிலம் வாங்கிக் குடியேறிய கறுப்பின மக்கள் வாழ்ந்த செனக்கா கிராமத்தின் 200க்கு மேற்பட்டோரும் அடங்குவர். அங்கே தேவாலயங்களும் பள்ளியும் இருந்தன. இந்த வெளியேற்றம் ஓம்ஸ்டெட் பொறுப்பேற்ற காலத்துக்குள் நிகழ்ந்து முடிந்திருந்தது. எனினும் எல்லா வகுப்பினரும் ஒன்றுகூடும் இடமாக இவர் கருதிய பூங்கா, ஒரு சமூகத்தைக் கலைத்துவிட்டே உருவானது என்பதை மறைப்பதற்கில்லை. 2011 இல் அவ்விடத்தில் நடைபெற்ற அகழாய்வில் வீடுகளின் அடித்தளமும் அன்றாடப் பொருட்களும் கிடைத்தன.

போர்க்காலமும் யொசெமிட்டியும்

1859 இல் ஓம்ஸ்டெட், இறந்துபோன தன் தம்பியின் மனைவியான மேரியை மணந்து அவருடைய மூன்று குழந்தைகளையும் ஏற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டில் ஏற்பட்ட வண்டி விபத்தில் இவரது கால் முறிந்தது. வாழ்நாள் முழுவதும் நொண்டியே நடந்தார். உள்நாட்டுப் போர் தொடங்கியதும், படைவீரர்களின் நலனுக்காக அமைக்கப்பட்ட ஐக்கிய அமெரிக்க நலவாழ்வு ஆணையத்தின் செயலாளராகப் பொறுப்பேற்று, காயமுற்றோரை ஏற்றிவரும் மருத்துவக் கப்பல்களை ஒழுங்கு செய்தார்.

1863 இல் கலிபோர்னியாவில் தங்கச் சுரங்கம் ஒன்றை நிர்வகிக்கச் சென்றார். சுரங்கம் தோல்வியில் முடிந்தது. ஆனால், 1864 இல் யொசெமிட்டிப் பள்ளத்தாக்கு பொதுப் பயன்பாட்டுக்காகக் கலிபோர்னியாவிடம் ஒப்படைக்கப்பட்டபோது, அதற்கான ஆணையத்துக்கு இவர் தலைமை தாங்கினார். இயற்கையின் சிறந்த காட்சிகளைச் செல்வர் சிலர் தமதாக்கிக்கொள்ளாமல் காப்பது அரசின் கடமை என்பது 1865 இல் இவர் அளித்த அறிக்கையின் சாரம். உடன் இருந்த உறுப்பினர் சிலர் இதை வெளிவராமல் செய்தனர். 1952 இலேயே இது அச்சில் வெளியானது.

பிற பணிகள்

1865 இல் நியூ யோர்க்குக்குத் திரும்பிய இவர், வோக்ஸுடன் மீண்டும் இணைந்து புரூக்ளினில் புரொஸ்பெக்ட் பூங்காவை வடிவமைத்தார். குறுக்குச் சாலைகளின் தடை இல்லாததால் இது சென்ட்ரல் பூங்காவைவிடச் சிறப்பாக அமைந்தது எனக் கருதுவோர் உண்டு. பபலோ நகரத்தின் பூங்காத் தொகுதி, சிக்காகோவுக்கு அருகில் வளைந்த தெருக்களைக் கொண்ட ரிவர்சைடு குடியிருப்பு, மொன்றியலின் மவுன்ட் ராயல் பூங்கா, வாசிங்டனில் நாடாளுமன்றக் கட்டிடத்தைச் சுற்றியுள்ள நிலம் ஆகியவையும் இவர் வடிவமைத்தவை. நயாகரா நீர்வீழ்ச்சியை ஆலைகளின் ஆக்கிரமிப்பிலிருந்து மீட்பதற்கான இயக்கத்திலும் ஈடுபட்டார். 1885 இல் அது பாதுகாக்கப்பட்ட பகுதியானது. அரசியல் தலையீடுகள் காரணமாக 1878 இல் நியூ யோர்க் பூங்காத் துறையிலிருந்து நீக்கப்பட்டு, பின்னர் பொஸ்டனுக்கு அருகில் உள்ள புரூக்லைனில் குடியேறினார்.

பொஸ்டனில் சுமார் 11 கிலோமீட்டர் நீளத்துக்கு இவர் தொடராக அமைத்த பூங்காக்களுள், பாக் பே சதுப்பு நிலம் தனித்துவமானது. அது கழிவுநீர் தேங்கி நாறிக்கொண்டிருந்த ஓதச் சேற்று நிலம். கழிவுநீரைத் திருப்பி, வெள்ளத்தைத் தாங்கக்கூடிய உவர் சதுப்பு நிலமாக அதை இவர் மீளமைத்தார். 1910 இல் சார்ல்ஸ் ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டப்பட்டு நீர் நன்னீரானதும், இவர் நட்ட உவர்நிலத் தாவரங்கள் அழிந்துபோயின.

இங்கிலாந்துப் பாணிப் புற்றரைகளை எல்லா இடங்களிலும் அமைக்க வேண்டும் என்ற கருத்து இவருக்கு இல்லை. 1880களில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்துக்காகத் திட்டமிட்டபோது, வறண்ட கலிபோர்னியாவுக்கு நடுநிலக்கடல் நாடுகளின் கற்றளமிட்ட முற்றங்களே பொருந்தும் என வாதிட்டார்.

இறுதிக்காலம்

1893 இல் நடைபெற்ற சிக்காகோ உலகக் கண்காட்சிக்காக, மணலும் சதுப்பும் நிறைந்த ஏரிக்கரையில் நீர்நிலைகளையும் மரங்கள் அடர்ந்த தீவு ஒன்றையும் உருவாக்கினார். தீவில் கட்டிடம் எதுவும் கூடாது என்பது இவரது விருப்பம். இறுதியில் ஜப்பானிய மண்டபம் ஒன்றுக்கு இடம் கொடுக்க வேண்டியதாயிற்று. வட கரோலினாவில் உள்ள பில்ட்மோர் மாளிகைத் தோட்டமும் காடும் இவரது கடைசிப் பெரும் பணிகளுள் அடங்கும்.

நினைவாற்றல் குன்றியதால் 1895 இல் ஓய்வு பெற்றார். 1898 முதல், பெல்மொன்ட்டில் உள்ள மக்லீன் மனநல மருத்துவமனையில் வாழ்ந்து அங்கேயே காலமானார். அம்மருத்துவமனைக்கான இடத்தின் அமைப்பு குறித்து முன்னர் ஆலோசனை வழங்கியிருந்தவர்களுள் இவரும் ஒருவர். இவரது உடல் ஹார்ட்போர்டில் அடக்கம் செய்யப்பட்டது.

இவரது வளர்ப்பு மகன் ஜோன் சார்ல்சும், மகன் பிரெடெரிக்கும் தொழிலைத் தொடர்ந்தனர். 1899 இல் அமெரிக்க நிலத்தோற்றக் கட்டிடக்கலைஞர் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் இருவரும் இருந்தனர். அடுத்த ஆண்டில் இளைய பிரெடெரிக் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இத்துறைக்கான பாடநெறியைத் தொடங்கினார். புரூக்லைனில் இவர்களது வீடும் அலுவலகமும் இருந்த கட்டிடம், பெருந்தொகையான வரைபடங்களுடன் தேசிய வரலாற்றுக் களமாகப் பேணப்படுகிறது.