நியாயாசனத்துக்கு முன்பாக நானும் நிற்பேன்



நியாயத்தீர்ப்பு என்றதும் நமக்கு யார் ஞாபகம் வருகிறது? குடிகாரன், லஞ்சம் வாங்குகிறவன், நம்மைப் பகைக்கிற பக்கத்து வீட்டுக்காரன். நம்ம பேரு மட்டும் அந்த லிஸ்ட்டுல வராது. சில வருஷங்களுக்கு முன் எங்கள் சபையை விட்டு 2 குடும்பங்கள் மனக்கசப்போடு போனபோது, கர்த்தர் அவர்களை நியாயந்தீர்க்கட்டும் என்று முழங்காலிலேயே சொன்னவன் நான். என்னை உடைத்தது ஜோனத்தான் எட்வர்ட்ஸ் என்ற தேவ மனிதனுடைய ஜீவியம்.

இவர் 1703ம் வருஷம் அமெரிக்காவில், கனெக்டிகட்டில் ஒரு போதகர் வீட்டில் பிறந்தார். 11 பிள்ளைகளில் ஒரே ஆண் பிள்ளை. 20 வயது ஆகுமுன்னே 70 தீர்மானங்களை எழுதி, வாரம் ஒரு தரம் அவற்றை வாசித்துத் தன்னைச் சோதிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டார். ஊரை நியாயந்தீர்க்குமுன் தன்னை நிதானித்தார்.

1727ல் நார்த்தாம்டன் சபைக்கு ஊழியராக வந்தார். 1734, 35ல் அங்கே பெரிய எழுப்புதல் உண்டானது. 1741 ஜூலை 8ம் தேதி என்ஃபீல்டு என்ற ஊரில் உபாகமம் 32:35ஐ வைத்துப் பிரசங்கித்தார். நெருப்புக்கு மேல் நூலில் தொங்கும் சிலந்தியைப் போல மனந்திரும்பாதவன் இருக்கிறான் என்று காட்டினார். கத்தவில்லை, குதிக்கவில்லை. ஆனாலும் ஜனங்கள் கதறின சத்தத்தில் பிரசங்கத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று.

இதைத்தான் எல்லாரும் சொல்லுவார்கள். பிறகு நடந்ததை அநேகர் சொல்வதில்லை.

மனந்திரும்பின சாட்சி இல்லாதவர்களுக்குத் திருவிருந்து கொடுக்கக்கூடாது என்று எட்வர்ட்ஸ் உறுதியாக நின்றார். சபை கொதித்தது. 1750ல் ஓட்டெடுப்பு நடந்தது. 200க்கும் மேற்பட்டவர்கள் எதிர்த்தார்கள். ஆதரித்தவர்கள் 23 பேர் மட்டுமே. 23 வருஷ ஊழியம் போயிற்று!

கடைசிப் பிரசங்கத்தில் நாமாக இருந்தால் என்ன பண்ணியிருப்போம்? சாபம் விட்டுட்டுத்தான் இறங்கியிருப்போம். அவரோ 2 கொரிந்தியர் 1:14ஐ எடுத்து, போதகனும் சபையாரும் ஒருநாள் கிறிஸ்துவின் முன் மறுபடியும் சந்திப்பார்கள், அங்கே இரண்டு பேருமே கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்று பேசினார். தன்னையும் அந்தக் கூண்டில் நிறுத்திக்கொண்டார். வழக்கைக் கர்த்தரிடம் விட்டுவிட்டதால், வேறு ஆள் கிடைக்காத வாரங்களில் தன்னைத் தள்ளின அதே சபைக்குத் திரும்ப வந்து பிரசங்கித்தார்!

அவர் குறையில்லாதவர் அல்ல. தன் வீட்டில் அடிமைகளை வைத்திருந்தார். நியாயத்தீர்ப்பைப் பிரசங்கித்தவர் கண்ணுக்கே அது பாவமாகத் தெரியவில்லை. என் கண்ணுக்குத் தெரியாதது எத்தனையோ? இது என்னை நடுங்கவைக்கிறது.

பின்பு ஸ்டாக்பிரிட்ஜில் செவ்விந்தியர் நடுவே ஊழியம் செய்தார். 1758ல் பிரின்ஸ்டன் கல்லூரித் தலைவரானார். அம்மை வராதிருக்கப் போட்டுக்கொண்ட தடுப்பே பாதகமாகி, அவ்வருஷம் மார்ச் 22ல், 54 வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அன்பானவர்களே, கிறிஸ்துவுக்குள் இருக்கிறவனுக்கு ஆக்கினை இல்லை, ரோமர் 8:1ஐ வாசியுங்கள். ஆனால் கணக்கு உண்டு, 2 கொரிந்தியர் 5:10ஐயும் வாசியுங்கள். நான் அந்த 2 வீடுகளுக்கும் போய் மன்னிப்பு கேட்டேன். ஒரு குடும்பம் கதவைத் திறந்தது, மற்றது திறக்கவில்லை. அதை நியாயாதிபதியின் கையில் விட்டுவிட்டேன்.

நீங்கள் யார் வீட்டுக்குப் போக வேண்டும்? இன்றைக்கே போங்கள். கர்த்தர் சீக்கிரம் வருகிறார். மாரநாதா! ஆமென்.