ஐயத்தை விடாத அறிஞர் பெல்

ஏழ்மையில் பிறந்து, கல்வி வேட்கையால் உயர்ந்த அறிஞர் பலர். அவர்களுள் ஒருவரான ஜான் ஸ்டூவர்ட் பெல்லின் வரலாற்றை நாம் இங்குக் காண்போம்.

பெல் 1928ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 28ஆம் நாள் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தார். உடன்பிறந்தோர் 14 வயதளவில் பள்ளியை விட்டு வேலைக்குச் சென்றனர். பெல் ஒருவரே தாயாரின் ஊக்கத்தால் கல்வியைத் தொடர்ந்தார். 16 வயதில் பள்ளிப் படிப்பை முடித்து, குவீன்ஸ் பல்கலைக்கழக இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக அமர்ந்தார். பேராசிரியர்கள் அவரது ஆர்வத்தைக் கண்டு நூல்களை இரவல் தந்தனர். வகுப்பில் அமர்ந்து பாடம் கேட்கவும் இசைந்தனர். மறு ஆண்டே அவர் அங்கு மாணவரானார். 1948இலும் 1949இலும் இரு பட்டங்கள் பெற்றார்.

1960இல் பெல் தம் மனைவி மேரியுடன் ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். அணுத்துகள் ஆய்வே அவரது பணி. எனினும் மாணவப் பருவத்தில் எழுந்த ஓர் ஐயம் அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

அவ்வையம் யாது? சிவப்புக் கோலி ஒன்றையும் நீலக் கோலி ஒன்றையும் இரு பெட்டிகளில் மூடி, இரு ஊர்களுக்கு அனுப்புவதாகக் கொள்வோம். ஒன்றில் சிவப்பைக் கண்டால், மற்றதில் நீலம் என்று உடனே அறிவோம். நிறம் முன்னரே அமைந்ததன்றோ? ஒன்றாகத் தோன்றிப் பிரியும் இரு நுண்துகள்களிடையிலும் இத்தகைய பொருத்தம் உண்டென்பது குவாண்டம் கொள்கை. அவற்றின் தன்மையும் கோலியின் நிறம்போல் முன்னரே அமைந்ததாதல் வேண்டும் என ஐன்ஸ்டீன் கருதினார். நீல்ஸ் போர் அதனை மறுத்தார். விடை காண இயலாத வினா என்று பலர் அதனை ஒதுக்கினர்.

பெல் ஒதுக்கவில்லை. தன்மைகள் முன்னரே அமைந்தவையாயின், தொலைவிலுள்ள ஒரு துகள் மற்றதைத் தாக்காதாயின், பல கோணங்களில் அளக்கும்போது அவற்றின் பொருத்தம் ஓர் எல்லையைத் தாண்டாது என 1964இல் கணக்கிட்டுக் காட்டினார். அவர் உள்ளம் ஐன்ஸ்டீன் பக்கமே சாய்ந்திருந்தது.

1972இல் அமெரிக்காவில் கிளாசரும் ஃபிரீட்மனும், 1982இல் பிரான்சில் ஆஸ்பேயும் அவர் குழுவினரும் ஒளித்துகள்களைக் கொண்டு சோதித்தனர். எல்லை தாண்டப்பட்டது! பெல் விரும்பிய முடிவு அதுவன்று. ஆயினும் அவர் அதனை ஏற்றுக்கொண்டார்.

1990ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் பெல் ஜெனீவாவில் காலமானார். 2022இல் கிளாசர், ஆஸ்பே, சைலிங்கர் ஆகிய மூவரும் இத்தகைய சோதனைகளுக்காக நோபல் பரிசு பெற்றனர். மறைந்தோர்க்கு அப்பரிசு வழங்கப்படுவதில்லை. எனினும், இரகசியச் செய்திகளைக் காக்கும் குவாண்டம் முறைகள் சிலவற்றிற்கு இன்று பெல்லின் கணக்கே அடிப்படையாய் விளங்குகிறது.

வகுப்பறையில் நமக்கும் ஐயங்கள் எழுகின்றன. அவற்றைக் கேட்க நாம் தயங்கலாமா? கேட்போம், விடை நாம் விரும்பியவாறு அமையாவிடினும் உண்மையை ஏற்போம்.