எமில் போடோ

எமில் போடோ (செப்டெம்பர் 11, 1845 – மார்ச் 28, 1903) பிரான்சைச் சேர்ந்த தந்திப் பொறியியலாளர் ஆவார். ஒவ்வோர் எழுத்தையும் சம நீளமுள்ள ஐந்து மின்குறிகளாக மாற்றி அனுப்பும் போடோ குறிமுறை இவரால் அறியப்படுகிறது. தொடர்பாடலில் குறி வேகத்தை அளக்கும் பாட் என்னும் அலகும் இவர் பெயரிலிருந்தே வந்தது. இவ்வலகை நொடிக்கான பிட்டுகளின் எண்ணிக்கை எனப் பலர் தவறாகக் கொள்வதுண்டு. உண்மையில் அது நொடிக்கு அனுப்பப்படும் குறிகளின் எண்ணிக்கை, ஒரு குறி பல பிட்டுகளைக் கொண்டிருக்கலாம்.

வாழ்க்கைச் சுருக்கம்

போடோ ஓட்-மார்ன் மாவட்டத்தில் மன்யோ என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். உள்ளூர் தொடக்கப்பள்ளிக் கல்வியே இவர் பெற்ற முறையான கல்வி. தந்தையின் நிலத்தில் வேலை செய்து வந்தவர், 1869 இல் தந்தித் துறையில் பயிற்சி இயக்குநராகச் சேர்ந்தார். அங்கு மோர்சு தந்தியையும், ஹியூஸ் அச்சிடும் தந்தியையும் கற்றார். 1870 இல் பிரான்சு-புருசியப் போரில் சிறிது காலம் பணியாற்றினார். 1872 இல் பாரிசில் மீண்டும் தந்திப் பணியில் அமர்ந்தார்.

கண்டுபிடிப்பு

ஹியூஸ் கருவியில் எழுத்துச் சக்கரம் உரிய இடத்துக்குச் சுழன்று வரும் வரை தந்திக்கம்பி பெரும்பாலும் வெறுமனே கிடந்தது. அந்த வீணாகும் நேரத்தைப் பல இயக்குநர்களுக்குப் பங்கிட்டால் ஒரே கம்பியில் பல செய்திகள் செல்லும் என்பதைப் போடோ கண்டார். இதனை ஓய்வு நேரத்திலேயே உருவாக்கி 1874 சூனில் காப்புரிமை பெற்றார்.

மோர்சு முறையில் எழுத்துக்கு எழுத்து நீளம் மாறும். காதால் கேட்கும் மனிதருக்கு அது இடையூறன்று, பொறிக்கு இடையூறு. போடோ முறையில் எல்லா எழுத்துகளும் ஐந்து அலகுகளே. ஓர் அலகுக்கு இரு நிலைகள். ஆகவே 32 சேர்க்கைகள் கிடைத்தன. எழுத்துகளுக்கும் எண்களுக்கும் இவை போதாமையால், ஒரே சேர்க்கைக்கு இரு பொருள் தந்து, எது பொருந்தும் என்பதை முன்னால் வரும் மாற்றுக்குறியால் உணர்த்தினார். அந்த ஒரு குறி வழியில் பழுதானால், அடுத்த மாற்றுக்குறி வரும் வரை எழுத்துகள் யாவும் எண்களாக அச்சாகிவிடும்.

இயக்குநர் முன் ஐந்து விசைகள் மட்டுமே இருந்தன: இடக்கைக்கு இரண்டு, வலக்கைக்கு மூன்று. உயிரெழுத்துகளை வலக்கை விசைகளாலேயே அனுப்பலாம். தம் முறை வருவதை உணர்த்தும் ஒலிக்கு ஏற்பத் தாளம் தவறாமல் அழுத்த வேண்டியிருந்தது. மறுமுனையில் ஐந்து மின்காந்தங்கள் குறிகளை ஏற்க, ஓர் இயந்திர அமைப்பு அவற்றை எழுத்தாக்கி நாடாவில் அச்சிட்டது. குறிநீக்கம் முழுவதையும் பொறியே செய்தது.

1877 நவம்பரில் பாரிசு-போர்தோ தடத்தில் இம்முறை சோதிக்கப்பட்டது. 1878 பாரிசு உலகக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. எனினும் துறையிடமிருந்து போதிய நிதி கிடைக்கவில்லை. ஆய்வுச் செலவுக்காக அப்பதக்கத்தையே விற்க நேர்ந்தது.

முன்னுரிமை வழக்கு

ஐந்து அலகுக் குறிமுறை போடோவின் தனிக் கண்டுபிடிப்பு எனக் கூறுவது பொருந்தாது. பிரான்சிசு பேக்கன் 1623 இலேயே இரு குறிகளை ஐந்தைந்தாக அடுக்கி எழுத்துகளை மறைக்கும் முறையை விளக்கியிருந்தார். தந்தித் துறையிலேயே பணியாற்றிய லூயி விக்டர் மிமோல் என்பவரும் 1874 இல் ஐந்து கம்பிகளைக் கொண்ட முறைக்குக் காப்புரிமை பெற்றுப் போடோ மீது வழக்குத் தொடுத்தார். சேன் உரிமையியல் நீதிமன்றம் முன்னுரிமை மிமோலுக்கே உரியது எனத் தீர்ப்பளித்தது. பின்னர் அத்தீர்ப்பு நீக்கப்பட்டு, வழக்குச் செலவும் அவர் மேல் விழுந்தது. மனம் குலைந்த மிமோல் இழப்பீடு கோரினார். அதனை நிராகரித்த குழுவின் தலைவர் சூல் ரேனோவை 1888 இல் சுட்டுக் கொன்று தண்டனை பெற்றார். தீர்ப்பு எதுவாயினும், ஐந்து கம்பிகளின் வேலையை ஒரே கம்பியில் நேரப் பங்கீட்டால் செய்துகாட்டியது போடோவின் பங்களிப்பே ஆகும்.

இறுதிக் காலம்

1882 இல் போடோ ஆய்வாளர்-பொறியியலாளர் ஆனார். 1890 சனவரியில் திருமணம் நடந்தது. ஏப்ரலில் மனைவி இறந்தார். 1894 இல் பாரிசு, மிலான் பங்குச் சந்தைகளை ஒரே கம்பியால் இணைத்தார். பணியில் சேர்ந்த சில காலத்திலேயே தொடங்கிய உடல்நலக்குறைவு இறுதிவரை நீங்கவில்லை. பாரிசை அடுத்த சோ என்னும் ஊரில் தமது 57 ஆவது வயதில் காலமானார்.

டொனால்ட் மரே 1901 இல் இக்குறிமுறையைத் தட்டச்சு விசைப்பலகைக்கு ஏற்ப மாற்றியமைத்தார். அதன் வழிவந்த குறிமுறை டெலக்சு சேவையில் பல்லாண்டுகள் பயன்பட்டது.