வேதமும் கடன்பத்திரமும்

தமிழ் விவிலிய வரலாற்றில் சீகன்பால்கு பெற்ற புகழை யோகான் பிலிப் பெப்ரிசியஸ் பெறவில்லை. முதலில் வந்தவருக்கே மாலை விழுவது உலக இயற்கை. ஆயினும் தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபையார் தலைமுறை தலைமுறையாக ஓதிவரும் விவிலிய நடைக்கு அடித்தளம் இட்டவர் பெப்ரிசியசே என்பது மொழி வரலாறு பயின்றோர் அறிந்தது. அத்தகையவர் தம் முதுமையில் கடன் வழக்கிற் சிக்கிச் சிறை புகுந்தார் என்னும் செய்தியை, அவரைப் பாராட்டி எழுதுவோர் பெரும்பாலும் ஒரு வரியிற் கடந்துவிடுகின்றனர். அவ்வாறு கடந்துவிடுதற்குரிய செய்தியன்று அது.

செருமனியில் பிராங்பர்ட்டு நகரை அடுத்த கிளேபெர்க்கு என்னும் சிற்றூரில் 1711ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 22ஆம் நாள் பெப்ரிசியஸ் பிறந்தார். ஹல்லே பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்றார். இறைமொழியை நாள்தோறும் உள்ளத்தில் அசைபோட்டு அதன்வழி ஒழுகுதலே சமயம் என்று கருதிய பக்தி இயக்கத்தின் தாயகம் அந்நகர். 1740இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். 1742இன் இறுதியில் சென்னைக்கு அனுப்பப்பெற்றார். அதன்பின் அவர் தாய்நாடு திரும்பவேயில்லை, மணமும் செய்துகொள்ளவில்லை. வேப்பேரியில் அவர் வாழ்ந்த வாழ்க்கை துறவியின் வாழ்க்கை எனலாம்.

அவ்வாழ்க்கைக்கும் அமைதி வாய்க்கவில்லை. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது டச்சுக்காரர் வசமிருந்த பழவேற்காட்டுக்கு அவர் அகல நேர்ந்தது. 1758இன் இறுதியில் லாலி மீண்டும் நகரை முற்றுகையிட, மறுபடியும் பழவேற்காடு. இடைப்பட்ட ஆண்டுகளிலும் பின்னரும் அவர் கைவிடாதிருந்த பணி ஒன்றே.

சீகன்பால்கு பழைய ஏற்பாட்டில் ரூத்து நூல் வரை தமிழாக்கி 1719இல் மறைந்தார். எஞ்சியவற்றைப் பெஞ்சமின் சூல்ட்சே முடித்தார். விரைந்து முடித்த பணியாதலின் தமிழ்ச் செவிக்கு அது இனிக்கவில்லை. பெப்ரிசியஸ் மூலமொழியோடு ஒப்பிட்டு அனைத்தையும் புதிதாகச் செய்யத் துணிந்தார். எழுதியதைக் கற்றோர்க்கும் கல்லாதார்க்கும் படித்துக் காட்டி, அவர்தம் செவி ஏற்ற சொல்லையே கொண்டார். சங்கீதநூல் போன்ற பாடற்பகுதியில் இப்பணியின் அருமை நன்கு விளங்கும்.

இறைவனின் சட்டத்தைத் தியானித்தலையே பொருளாகக் கொண்ட 119ஆம் சங்கீதத்தை நோக்குக. அது 176 அடிகளால் ஆயது. எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளுக்கும் எட்டெட்டாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியின் எட்டு அடிகளும் ஓரெழுத்தையே முதலாகக் கொண்டு தொடங்குவன. ஆத்திசூடியை அகர வரிசையிற் கற்ற தமிழர்க்கு இவ்வமைப்பு அந்நியமன்று. ஆயினும் மொழிபெயர்ப்பில் எழுத்தணி நில்லாது. பொருள் ஒன்றே எஞ்சும். அப்பொருளும் எளிதன்று. இறைச்சட்டத்தைக் குறிக்க எட்டுச் சொற்கள் மாறி மாறி வருகின்றன. வேதம், சாட்சி, கட்டளை, பிரமாணம், கற்பனை, நியாயம், வசனம், வாக்கு என இன்று வழங்கும் தமிழ் விவிலியத்தில் அவை நிற்கின்றன. ஒரு சொல்லுக்கு ஒரு சொல்லாக எட்டையும் பிரித்து நிறுத்துவது, பொருள் நெருங்கிய சொற்களின் நுண்வேறுபாடு உணர்ந்தார்க்கன்றி இயலாது. சட்டம் என்னும் பொருளுடைய தோரா, தமிழில் வேதம் ஆயிற்று. சட்டம் என்றால் நீதிமன்றமே நினைவுக்கு வரும். வேதம் என்றாலோ ஓதுதலும் நினைவுக்கு வரும். எபிரேயத்தில் தியானித்தலுக்கு வழங்கும் சொற்களுள் ஒன்றும் வாய்க்குள் முணுமுணுத்தலையே குறிக்கும். புறாவின் முனகலுக்கும் சிங்கத்தின் உறுமலுக்கும் ஏசாயா நூல் அச்சொல்லையே ஆள்கின்றது. ஆதலால், கண்மூடி வாளா இருத்தல் அன்று அங்குப் பேசப்படும் தியானம். சொல்லைச் சொல்லிச் சொல்லி வாழ்வாக்குதல். வேதம் என்னும் சொல்லாட்சி பெப்ரிசியசுக்கு முன்பே தத்துவ போதகரும் வீரமாமுனிவரும் பழக்கியது. அப்பழஞ்சொற்களைச் செம்மையான உரைநடையிற் பொருத்திய பெருமையே இவருக்குரியது.

1761இல் புதுச்சேரி வீழ்ந்தபோது ஆங்கிலேயர் கொணர்ந்த அச்சுப்பொறி, அரசாங்க அச்சுவேலையும் செய்து தரவேண்டும் என்னும் நிபந்தனையுடன் இவர் பொறுப்பில் விடப்பட்டது. புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. 1779இல் தமிழ் ஆங்கில அகராதி. 1786இல் ஆங்கிலம் தமிழ். செருமானிய ஞானப்பாடல்கள் பலவும் தமிழாயின. அகராதியின் திருத்திய பதிப்பு 1972இலும் தரங்கம்பாடியில் அச்சேறியதென்றால் அதன் பயனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி, அந்தக் கடன். திருச்சபையின் பணமும், நம்பிக்கையால் பிறர் ஒப்படைத்த சேமிப்பும் இவரிடம் இருந்தன. வட்டி வருமானம் ஏழைகளுக்கும் பணிக்கும் பயன்படும் என்று எண்ணி அப்பணத்தை வெளியே கொடுத்தார். ஆர்க்காட்டு நவாபு முகமது அலியின் உறவினர்க்கும் அது சென்றது. நவாபின் கடன்கள் இலண்டன் பாராளுமன்றம்வரை நாறியவை. 1785இல் எட்மண்டு பர்க்கு அவற்றைப் பற்றியே நெடிய உரை ஆற்றினார். அந்தப் படுகுழியில் பெரு வணிகரே மூழ்கினர். புத்தகத்திலிருந்து தலை நிமிராத முதியவர் எம்மாத்திரம்? கொடுத்த பணம் திரும்பவில்லை. ஒப்படைத்தவர்கள் வழக்குத் தொடர்ந்தனர். இவர் சிறை சென்றார்.

தமக்கென எதையும் ஒதுக்கிக்கொள்ளாத எளிமையைக் காட்டி இவரை விடுவிப்பது எளிது. ஆனால் இழந்தது பிறர் பணம். அவருள் வசதியற்றோரும் இருந்திருப்பர். இன்னும் ஒன்றும் உண்டு. இறைவனின் கூடாரத்தில் தங்கத்தக்கவன் யாரென வினவும் 15ஆம் சங்கீதம், தன் பணத்தை வட்டிக்குக் கொடாதவனே என்று விடையில் ஒரு கூறாகச் சொல்கின்றது. அதனை ஒவ்வொரு சொல்லாக நிறுத்துத் தமிழாக்கியவர் இவரே. அறப்பணிக்கு ஈட்டும் வட்டி அவ்விலக்குக்குள் வாராது என அக்கால ஐரோப்பியக் கிறித்தவர் பலரும் கொண்டிருந்தனர். இவரும் அவ்வாறே கொண்டிருக்கலாம். அவ்வாறாயினும் 119ஆம் சங்கீதத்தின் கடைசி அடியில், காணாமற்போன ஆட்டைப்போல் வழிதப்பினேன், என்னைத் தேடுக என்னும் கருத்துடன் பாடகன் முடிப்பதை நினையாமல் இவர் வரலாற்றின் இப்பகுதியைப் படித்தல் அரிது. 175 அடிகள் சட்டத்தைப் போற்றிய பின்னர் வரும் அடி அது.

1788இல் நாகப்பட்டினத்திலிருந்து வந்த கெரிக்கேயிடம் பொறுப்புகளை ஒப்படைத்தார். சுவார்ட்சு முதலிய நண்பர்கள் இவரைக் கைவிடவில்லை. 1871இல் பவர் தலைமையில் ஐக்கியத் திருப்புதல் உருவானபோது, இடையில் வந்த இரேனியசு, பெர்சிவல் ஆகியோரின் முயற்சிகளைக் கடந்து பெப்ரிசியசின் நடையே பெரிதும் அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. லுத்தரன் சபையாரோ இருபதாம் நூற்றாண்டிலும் அவருடைய மூலத் திருப்புதலையே விடாது ஓதிவந்தனர். அந்த வரலாறுகளை அவர் கண்டிலர். எண்பது வயது நிறைந்த மறுநாள், 1791 சனவரி 23இல், சென்னையில் அவர் கண்மூடினார்.